இடைவேளை வரும் என்றாள்

நான் சாகப்போகிறேன் என்பது எனக்கு முதன்முதலில் தெரியவந்தது ஒஸ்லோ ஓரத்தில், மோர்டென்ஸ்ருட் கடையில், தயிர்ப் பேணியோடு வரிசையில் நின்றபோது. நெஞ்சு இறுகியது, விரல் விறைத்தது, உள்ளே போன மூச்சு வெளியே வர மறுத்தது. தயிரைச் சொக்லேட்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டு ஓடினேன். டொக்டர் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, இதயத்தில் ஒரு பிழையும் இல்லை, இது ‘அங்ஸ்ட்’, வெறும் பதற்றம் என்றார். உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். இதய வருத்தக்காரனைப் பார்க்கத் திராட்சைப் பழத்தோடு ஆட்கள் வருவார்கள். பதற்றக்காரனைப் பார்க்க யார் வருவார்கள்? அதுவும் கலியாண வீடுகளில் ஊரையே சிரிக்கவைக்கிற ஒரு பகிடிக்காரனை?

அதன்பிறகு எல்லா இடத்திலும் பாதியில் எழும்பிப் போகிற ஆளாகிவிட்டேன். தாலி கட்ட முன்னர் மண்டபத்துக்கு வெளியே நிற்பேன். ரெயினில் வீட்டுக்கு இன்னும் தூரம் இருக்கும்போதே இறங்கிவிடுவேன். யாராவது கேட்டால், “நடந்தால் உடம்புக்கு நல்லது” என்பேன். எல்லோரும் நம்பினார்கள், என் மனைவியையும் மகளையும் தவிர.

மகள் இங்கே பிறந்தவள், பல்கலைக்கழகத்தில் சினிமா படிக்கிறாள். பழைய இத்தாலியப் படம் ஒன்றைப் புதுப்பித்திருக்கிறார்கள். அதை ஒஸ்லோவில் ஒரு ஞாயிறு பின்னேரம் அவளுடைய திரைப்படக் கழகம் காட்டப்போகிறது. படத்துக்கு முன்னும் பின்னும் மேடையில் பேசப்போவது அவள்தான்.

“அப்பா, வந்தால் முடியுமட்டும் இருக்கவேணும்.”

“ஏன் பிள்ளை, படம் அவ்வளவு மோசமோ?”

“பகிடி விடாதேங்கோ. போனமுறை நான் பேசி முடிக்கேக்கை உங்கடை கதிரை வெறுமையாக் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டுதான் முடிச்சனான்.”

இருக்கிறேன் என்று தலையாட்டினேன்.

மனைவிதான் வழி சொன்னாள். “என்னத்துக்கப்பா இவ்வளவு யோசினை? நடுவிலை இடைவேளை வரும்தானே. அதுமட்டும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருங்கோ. ஏலாட்டி அப்ப வெளியிலை போவம்.” சொன்னதோடு நிற்காமல், இடைவேளைக்குச் சாப்பிட றோல்ஸ் பொரித்து, ஈயத்தாளில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

நான் நம்பினேன். இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும் தமிழ்ப்படம் தவிர வேறு படம் நான் தியேட்டரில் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் மண்டபம் எடுத்துப் போடுகிற படம் என்றால் நடுவில் வெளிச்சம் வரும், தேநீரும் வடையும் வரும், யாருடையதோ பிள்ளை காணாமல் போகும். சின்ன வயதில் மகளைக் கார்ட்டூன் படங்களுக்குக் கூட்டிப்போனது எப்போதும் மனைவிதான்.

கார்த்திகை மாதம், நாலு மணிக்கே இருண்டுவிட்டது. ரெயின் சரிவில் இறங்கியபோது கடலின் மேல் மூடுபனி கிடந்தது. நகரத்தின் விளக்குகள் பாலுக்குள் விழுந்தவை போலத் தெரிந்தன.

மகள் எங்களுக்கு ஒதுக்கியிருந்தது வரிசையின் நட்டநடு இருக்கைகள். அன்பின் மிகுதி. எனக்கோ இரண்டு பக்கமும் கதவு வரைக்கும் நோர்வேஜிய முழங்கால்கள். படத்தில் இருந்த கீறல்களை எல்லாம் ஒவ்வொன்றாகத் துடைத்திருக்கிறார்கள் என்று மகள் மேடையில் நின்று சொன்னாள். சொல்லும்போதே என் கதிரையை ஒருமுறை பார்த்தாள். விளக்கு அணைந்தது.

ஆற்றங்கரையில் ஒரு சின்ன நகரம். ஒரே பனிமூட்டம். கோட்டுப் போட்ட ஒருவன் தினமும் காலையில் படகுத்துறைக்கு வருகிறான். அக்கரையில் அவனுடைய குடும்பம் இருக்கிறது. படகு வருகிறது, அவன் ஏறாமல் திரும்பிப் போகிறான். ஏன் என்று அவனுக்கும் தெரியவில்லை, கீழே ஓடிய நோர்வேஜிய எழுத்துகளுக்கும் தெரியவில்லை.

மனைவி என் காதுக்குள் சொன்னாள், “இந்தாளுக்கும் உங்கடை வருத்தம்தான்.”

அவ்வளவுதான், என் நெஞ்சு இறுகத் தொடங்கியது. படத்தில் இருந்த கீறல் எல்லாவற்றையும் துடைத்தவர்கள் இவனை மட்டும் ஏன் இப்படியே விட்டார்கள்?

“இடைவேளை எப்ப?”

“இந்தா, வரப்போகுது.”

அவன் பாலத்தில் நின்று அழுதான். எங்கள் ஆட்களாக இருந்தால் அந்த இடத்தில் நிச்சயமாக இடைவேளை விட்டிருப்பார்கள். இத்தாலியர்கள் விடவில்லை. கைப்பைக்குள் இருந்து றோல்ஸின் வாசம் வந்தது. முன்வரிசையில் ஒருவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார்.

“இப்ப வருமோ?”

“மூச்சை விடுங்கோ. இப்ப வரும்.”

மூச்சை விட்டேன். திரையில் படகு தட்டுத் தட்டென்று வந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு மூச்சு, அடுத்த சத்தத்துக்கு இன்னொன்று. எப்போது என்று தெரியாது, பனி திரையை விட்டு இறங்கி இருக்கைகளுக்கிடையில் பரவியது போலிருந்தது. முழங்கால்கள் கரைந்தன, கதவு கரைந்தது. நானும் கோட்டுக்காரனும் மட்டும் துறையில் நின்றோம். அக்கரையில் யாரோ விளக்கை அசைத்தார்கள். அவன் ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தான். படகு அசைந்தது. திரை வெள்ளையாகியது.

வெளிச்சம் வந்தது. நான் பாதி எழும்பினேன். “வாரும், வெளியிலை போவம். இடைவேளை.”

“எங்கை போறியள்? படம் முடிஞ்சுது.”

“அப்ப இடைவேளை?”

“இவையின்ரை படங்களுக்கு எங்கையப்பா இடைவேளை?”

“நீர் தெரிஞ்சுகொண்டோ சொன்னனீர்?”

“பின்னை? வெளியிலை போகலாமெண்டு சொன்னால்தானே நீங்கள் உள்ளை இருப்பியள்.”

ஒரு பொய்யை நம்பவைக்க றோல்ஸ் பொரித்த பெண்ணோடு நான் என்ன வாதாடுவது? அப்போதுதான் கவனித்தேன், மகள் மேடைக்கு வந்துவிட்டாள். பாதி எழும்பி நிற்கிற என்னைப் பார்த்தபடி ஒலிவாங்கியைப் பிடித்திருந்தாள். நான் பொத்தென்று கதிரையில் இருந்தேன். பக்கத்து நோர்வேஜியரின் முழங்கால் துள்ளியது. மகள் சிரித்துவிட்டு, பேசத் தொடங்கினாள். வடிவாகத்தான் பேசினாள், பாதி எனக்கு விளங்கவில்லை. கடைசிச் சொல்வரை இருந்தேன்.

பிறகு ரெயின் நிலையத்தில் மூவரும் ஆறிப்போன றோல்ஸ் சாப்பிட்டோம்.

“அப்பா, படத்திலை எந்த இடம் பிடிச்சது?”

“இடைவேளை.”

“இடைவேளையே இல்லையே!”

மனைவி வேறு பக்கம் பார்த்து நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது.

மூடுபனிக்குள் இருந்து ரெயின் வந்து நின்றது. நெஞ்சு ஒருமுறை தட்டிப் பார்த்தது, ஆள் வீட்டில் இருக்கிறானா என்று. மகள் முதலில் ஏறிக் கதவடியில் நின்று திரும்பினாள். நான் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.