முருகையா என்ற ஒரே சொல்

என் மனைவி பாக்கியம் பாலைக் குவளைக்கு வெளியே ஊற்றினாள். அதுதான் முதல் அறிகுறி. ஃபேரர் பார்க் பக்கத்துச் சமூக நிலையத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுவது அவள் தானாக எடுத்துக்கொண்ட வேலை. கூலி உண்டா என்று கேட்டால் முறைப்பாள். வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்த நான், மேசைக்கும் பசியா என்று கேலி செய்தேன். அவள் ஏதோ சொன்னாள், நாக்கு குழறியது. நின்று கேட்காமல் துறைமுகத்துக்குப் போய்விட்டேன்.

நான் கிரேன் ஓட்டுபவன். அன்று பத்து மணிக்கெல்லாம் ஃபோர்மன் கீழே நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளுடைய வலது கையும் காலும் ஓய்ந்து கிடந்தன. டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. அவர் சொன்னதை மகள் சரோஜா எனக்குத் தமிழில் சொன்னாள். மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் அடைப்பு. அதனால் பக்கவாதம் (உடலின் ஒரு பக்கம் செயலிழப்பது). கூடவே பேச்சிழப்பு (மனத்தில் இருப்பது வாய்க்கு வராமல் போவது).

மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு சொல் வந்தது. முருகையா. தாகம் எடுத்தாலும் அதுதான், தலையணை சரிந்தாலும் அதுதான். பேத்தியைப் பார்த்தும் முருகையா என்றாள். பார்க்க வந்த கோயில் பெண்கள், சாமியையே கூப்பிடுகிறாள் என்று கண்கலங்கித் திருநீறு பூசினார்கள். முருகையா என் பெயர்.

முப்பத்திரண்டு வருடக் குடும்பத்தில் அவள் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை. சாமியைக்கூட வேலவா என்றுதான் கும்பிடுவாள். பிழைக்க வந்த நாங்கள் இந்த நாட்டுக் குடியுரிமைக்குப் பதிந்த காலத்தில், குமாஸ்தா கணவன் பெயரைக் கேட்டால் நம் பெண்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாக்கியம்தான் பக்கத்தில் நின்று ஒவ்வொருத்திக்காகவும் சொல்வாள். ஊரில் உள்ள புருஷன்மார் பெயரெல்லாம் அவளுக்கு அத்துபடி. தன் முறை வந்தபோது மட்டும் பின்னால் நின்றவளைச் சொல்லச் சொன்னாளாம்.

அதனால் முதல் வாரங்களில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. ஒவ்வொரு தடவையும் "என்ன பாக்கியம்?" என்று கேட்டேன். என்ன வேண்டும் என்று பாதி நேரம் புரியாது. இருந்தாலும் கேட்டேன்.

வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, மறுபரிசோதனைக்குப் போனபோது, அவள் என்னைத்தான் கூப்பிடுகிறாளா என்று டாக்டரிடம் கேட்கச் சொன்னேன். சரோஜா தயங்கித் தயங்கித்தான் பதிலைச் சொன்னாள்.

"அப்படிச் சொல்ல முடியாதாம்பா. அந்த ஒரு வார்த்தை மட்டும் தங்கிடுச்சாம். இருமல் மாதிரி தானா வருமாம்."

டாக்டரைக் குறை சொல்லமாட்டேன். நான் அதை எனக்கு வசதியாக எடுத்துக்கொண்டேன். அவளைக் கழுவித் துடைத்து, ஊட்டிவிட்டு, கைகால் நீவி, அதற்குப் பிறகு வேலைக்கும் போய்வந்து அலுத்திருந்தேன். அவள் முருகையா என்றால் பேப்பரைப் புரட்டினேன். அவள் கண் என்மேலேயே இருக்கும். நான் பந்தாட்டச் செய்தி படித்துக்கொண்டிருப்பேன். ஐந்து மாதம் இப்படியே போனது.

பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. தண்ணி, போதும், சரோஜா. தடி ஊன்றி நடந்தாள். ஒரு காலையில் பழையபடி "ஏங்க" என்று கூப்பிட்டபோது வீடே சிரித்தது. அன்றோடு என் பெயர் அவள் வாயிலிருந்து போய்விட்டது. குணமாகிறாள் என்ற நிம்மதியோடு, எதையோ பறிகொடுத்தது போலவும் இருந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒருநாள் கேட்டேன். "அப்போ யாரக் கூப்பிட்ட? என்னையா, சாமியையா?"

இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துச் சொன்னாள்.

"உங்களத்தான். மொதல்ல என்னன்னு கேட்டீங்க. அப்புறம்... கேக்கல. உங்களுக்குக் காது போயிடுச்சோன்னு பயந்துட்டேன். கிரேன் சத்தம் லா."

கை கழுவ எழுந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். படுக்கையில் அசைய முடியாமல் கிடந்த ஐந்து மாதமும் அவள் என் காதுக்காகக் கவலைப்பட்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருந்தால் நான் சொல்வது ஒன்றுதான். கூப்பிட்டால் பதில் சொல்லுங்கள். அர்த்தம் இருக்கிறதா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அவள் இப்போது நன்றாக இருக்கிறாள். எனக்குத்தான் காலம் தடுமாறுகிறது. பேப்பரை விரித்தால் அவள் குரலில் என் பெயர் கேட்கிறது. எனக்கு முன்னால் என் உடம்பு எழுந்துவிடுகிறது. சமையலறைக்குப் போய், கூப்பிட்டாயா என்கிறேன். இல்லையே என்கிறாள். அவள் கூப்பிட்டது அப்போது. நான் இப்போதுதான் போய்ச் சேர்கிறேன்.