ஒற்றை ஆளுக்கு நான்கு நாற்காலிகள்

என் சின்ன அத்தை அஞ்சலகத்தில் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. தாத்தாவின் வீடு விற்கப்பட்டபோது, பின்புறச் சிமெண்ட் தளத்தில் நான்கு பிரம்பு நாற்காலிகள் மழையில் நனைந்து கிடந்தன. இருக்கைகள் பிய்ந்திருந்தன, கால்களில் சுற்றிய பட்டைகள் அவிழ்ந்து தொங்கின. அவற்றைத் தமக்குத் தரும்படி அத்தை கேட்டார். அவருடைய அண்ணனான என் பெரியப்பா, எல்லோர் முன்னிலையிலும் சொன்ன பதில் இது:

"ஒத்தை ஆளுக்கு எதுக்கும்மா நாலு நாற்காலி? வேணும்னா ஒண்ணை எடுத்துக்கோ. மத்தது குப்பை வண்டிக்குப் போகட்டும்."

இவை நடந்தவை. இனி என் கருத்து: அப்படிச் சொல்ல அவருக்கு வாய் கூசியிருக்க வேண்டும்.

அத்தை அன்று மாலையே வண்டி பிடித்து நான்கையும் தம் வீட்டுக்குக் கொண்டுபோனார். மட்கியதை வெட்டி எறிந்தார். துருப்பிடித்த ஆணிகளைப் பிடுங்கினார். குளியலறை வாளியில் புதுப் பட்டைகளை ஊறவைத்தார். முதல் நாற்காலியைப் பின்னும்போது ஒவ்வொரு பட்டையையும் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். ஈரப் பிரம்பை அவ்வளவு இறுக்கக் கூடாது. காய்ந்ததும் பின்னல் விண்ணென்று விறைத்துச் சட்டத்தையே முறுக்கிவிட்டது. ஒரு கால் தரையைத் தொடவில்லை.

"உன் பெரியப்பாவை நினைச்சுக்கிட்டே பின்னினேன். அவரை மாதிரியே கோணிக்கிச்சு," என்றார் என்னிடம். "மத்த மூணையும் பாட்டுக் கேட்டுக்கிட்டே பின்னப் போறேன்."

அப்படியே பின்னினார். மூன்றும் அசையாமல் நின்றன.

வார்னிஷ் காய்ந்த வாரம் பெரியப்பா வந்தார். நானும் அங்கிருந்தேன். பின்வாசலில் வரிசையாக நின்ற நாற்காலிகளைக் கண்டதும் அவர் நடை நின்றது.

"பரவாயில்லையே. அப்பாவோட சாமான். பொதுவுல இருக்க வேண்டியது."

"குப்பை வண்டிக்குன்னீங்களே அண்ணா."

"அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. நீ ஒருத்தி. இங்க யார் வந்து உக்காரப் போறா?"

"நீங்க வந்திருக்கீங்களே. உக்காருங்க."

அவர் உட்காரவில்லை. "உனக்கு ஒண்ணு, எனக்கு மூணு. அன்னைக்குப் பேசினதுதானே."

அத்தையின் முகம் சிவந்தது. குரல் மட்டும் உயரவில்லை. "அன்னைக்கு நீங்க எனக்குக் கொடுத்தது ஒண்ணு. அதே ஒண்ணை இப்ப நான் உங்களுக்குத் தர்றேன். பிடிச்சதைத் தூக்கிக்கங்க. மத்த மூணுல கை வச்சா என்னைத் தாண்டித்தான் போகணும்."

பெரியப்பா ஒவ்வொரு இருக்கையையும் விரலால் அழுத்திப் பார்த்தார். எது மிக இறுக்கமாக இருந்ததோ அதையே தூக்கினார். "இது ஒண்ணுதான் உருப்படியா பின்னியிருக்கே."

"அது ஆடும் அண்ணா."

"உன் தரை மேடு பள்ளம்."

அவர் வீட்டில் அந்த நாற்காலியின் காலுக்கடியில் இன்றும் அட்டை மடித்துச் செருகியிருக்கிறது. தங்கை ஏமாற்றிவிட்டாள் என்று உறவுக்காரர் ஒருவர் விடாமல் சொல்லிவருகிறார். அது பொய். ஆடும் என்று அத்தை சொன்னதை என் காதால் கேட்டேன். மற்ற மூன்றில் அத்தையும் அஞ்சலகத் தோழிகள் இருவரும் மாலைகளில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

அன்றிலிருந்து அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாத ஆண்டுகள் இதோடு ஒன்பது.