இரண்டு நாற்காலி விமானம்

எங்கள் குடும்பத்தில் விமானத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் மாமா ஒருவர்தான். அவர் விமானத்தில் ஏறியதில்லை. சென்னை விமான நிலையத்துக்கு வாடகைக் கார் ஓட்டினார். பின் இருக்கையில் பேசுவதைக் கேட்டுக் கேட்டே பைலட் அளவுக்கு ஞானம் பெற்றிருந்தார்.

பிரான்சில் இருந்த அக்காவுக்குப் பிரசவ நேரம். அம்மா தனியாகப் போக வேண்டும். பத்து மணி நேரம் உட்கார்ந்தே பயணம். அம்மாவுக்கோ காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும் தொந்தரவு. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், மணிக்கொரு முறை எழுந்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். விழுப்புரம் வரை பஸ்ஸில் போவதென்றாலே அம்மா காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். வழியில் யாரிடம் போய் பாத்ரூம் எங்கே என்று கேட்பது?

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் ஊரான சாரத்தில் வீட்டு ஹாலில் மாமா ஒத்திகை வைத்தார். சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள். சுவரோரம் அம்மா, வெளிப்பக்கம் நான். என்னைத் தாண்டாமல் அம்மா வெளியே வர முடியாது. பழைய சேலையைச் சுருட்டி அம்மாவின் கழுத்துக்கு முட்டுக் கொடுத்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கூடவே நின்று குடிக்கவைத்தார்.

"கூச்சப்படாதக்கா. பக்கத்துல உள்ளவங்க தூங்குனாலும் தட்டி எழுப்பு."

பிறகு என்னிடம் திரும்பினார். "நீ யாரோ ஒரு வெள்ளக்காரி. அம்மான்னு கூப்டக் கூடாது. அவங்க வாயத் தொறந்து வழி கேட்டாத்தான் எழுந்திருக்கணும்."

ஆறு மணிக்கு வருவதாகச் சொல்லிவிட்டு சவாரிக்குப் போய்விட்டார்.

எனக்கு ஒன்பது வயது. வேடத்தில் குறை வைக்கவில்லை. பள்ளியில் படித்த பிரெஞ்சு வணக்கம் 'போன்ழூர்' ஒன்றைச் சொல்லி வைத்தேன். அம்மா சிரித்தபோது பதிலுக்கு நான் சிரிக்கவில்லை. அம்மா முன்பின் தெரியாத ஒருத்தியை எப்படி எழுப்புவாள்? தோளைத் தொடுவாளா, இருமுவாளா, "இந்தாம்மா" என்பாளா? அதைப் பார்த்தே தீரவேண்டுமென்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்றும் நடக்கவில்லை. காத்திருந்து காத்திருந்து நிஜமாகவே தூங்கிப்போனேன்.

மாமாவின் சத்தத்தில் விழித்தபோது என் தலை அம்மாவின் தோளில் இருந்தது. கழுத்துச் சேலை என் கன்னத்துக்கு அடியில் வந்திருந்தது. அம்மாவின் கால் வீங்கி, கொலுசு சதைக்குள் பதிந்திருந்தது. அம்மா நேரே பாத்ரூமுக்கு ஓடினாள்.

"இவங்கள அனுப்பாதீங்க. ஒரு தபா கூட எழுந்திரிக்கல. இது கால் சமாச்சாரம்," என்றார் மாமா அப்பாவிடம். அப்பா டிக்கெட்டை ரத்து செய்வதாகச் சொன்னார். என்னால்தான் எல்லாம் கெட்டதென்று நான் அழுதேன்.

"நான் போவேன். பொண்ணு அங்க தனியா கெடக்கு," என்றாள் அம்மா. அப்பா டிக்கெட்டை அப்படியே விட்டுவிட்டார்.

அம்மா போன மறுநாள் அக்கா போன் செய்தாள். வீடியோவில் அக்கா முதலில் அம்மாவின் காலைத்தான் காட்டினாள். வீக்கமே இல்லை.

"எத்தன தபா எழுந்தம்மா?"

"அஞ்சு தபா. பக்கத்துல ஒரு ஆளு, கொறட்ட விட்டுத் தூங்குனாரு. தட்டித் தட்டி எழுப்பிட்டேன். பாவம், கடைசில அவரே எடம் மாறி உக்காந்துட்டாரு."

"அப்ப என்ன மட்டும் ஏன் எழுப்பல?"

"அவரு யாரோ. நீ யாரோவா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாமா சொன்னபடி நான் யாரோதானே? அவ்வளவு பாடுபட்டும் வெள்ளைக்காரியாக நடிக்க எனக்கு வரவில்லையே என்று அன்று முழுக்க வருத்தப்பட்டேன்.