எண்ணாமல் எழுதிய பெயர்கள்

யுத்த காலத்தில் மதுரைக்கு அரிசிப் பங்கீடு வந்தபோது, வீடு வீடாகப் போய்த் தலைக்கணக்கு எடுக்க ஆள் போதவில்லை. எங்களுக்கோ கல்லூரியில் கோடை விடுமுறை. பொருளாதாரம் படித்துக்கொண்டிருந்த எங்களில் சிலரைத் தாலுகா ஆபீசில் தொண்டர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். சம்பளம் கிடையாது, கடைசியில் ஒரு சான்றிதழ் தருவார்கள். எனக்கென்னவோ கலெக்டர் உத்தியோகமே கிடைத்துவிட்ட மிதப்பு.

தலைமைக் குமாஸ்தா முதல் நாளே எச்சரித்தார். "அரிசின்னா ஆளாளுக்குக் கூட்டித்தான் சொல்லுவாங்க. ஏமாந்துராதீங்க."

நானா ஏமாறுவேன்? ஊரை விட்டே போய்விட்ட மைத்துனனையும் செத்துப்போன மாமியாரையும் எழுதச் சொன்னவர்களைக் கோரிப்பாளையத்துச் சந்துகளில் கையும் களவுமாகப் பிடித்தேன். அந்தப் பெயர்களை இரக்கமே இல்லாமல் பென்சிலால் அடித்தேன்.

அப்படி ஒரு சந்தில் ஜட்கா வண்டிக்காரர் ஒருவரின் வீடு. அவர் இல்லை, மனைவிதான் இருந்தார். "எத்தனை பிள்ளைகள்?" என்று கேட்டேன்.

"கெடக்குதுக, ரெண்டு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

கூட்டிச் சொல்லாத வீடு ஒன்றாவது கிடைத்ததே என்ற சந்தோஷத்தில் இரண்டு என்று எழுதிக்கொண்டு நடையைக் கட்டினேன்.

சில வாரம் கழித்து அந்தச் சந்துக்குக் கார்டு கொடுக்கப் போனேன். வண்டிக்காரரின் அடுத்த வீட்டு அம்மாள் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, நாலு பிள்ளை இருக்கிற வீட்டுக்கு ரெண்டு பிள்ளைக்கு அரிசி குடுத்தா, மத்தது ரெண்டும் மண்ணையா திங்கும்?"

"அவங்கதானே ரெண்டுன்னு சொன்னாங்க!" எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எந்தத் தாயி பெத்ததுகளை எண்ணிச் சொல்லுவா? கண்ணு பட்டுராது? போன கணக்கெடுப்புல கேட்டவர்கிட்ட அஞ்சுன்னு சொல்லிப்புட்டா. அந்த மாசமே கடைக்குட்டி அம்மையில போயிருச்சு. அப்பயிருந்து யாரு கேட்டாலும் ரெண்டுதான்."

என் அம்மாவும் எங்களை யாராவது விரல் நீட்டி எண்ணினால் அந்த விரலைத் தட்டிவிடுவாள். அது தெரிந்தும், கையில் படிவம் வந்ததும் மறந்துவிட்டேன். கூட்டிச் சொல்பவர்களைப் பிடிக்கத்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பயந்து குறைத்துச் சொல்கிற ஒருத்தி இருப்பாள் என்று நாங்கள் யாருமே யோசிக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆபீசுக்குப் போய்ச் சொன்னேன். "அந்தம்மா வாயாலயே கேட்டு, புதுப் படிவம் எழுதிட்டு வாங்க. நாளைக்குள்ள வரலைன்னா ரெண்டுதான்" என்றார் குமாஸ்தா.

மறுநாள் விடிந்ததும் ஓடினேன். விஷயத்தைச் சொன்னதும் வண்டிக்காரரின் மனைவி பின்வாங்கினார். "வேணாம் தம்பி. வர்ற அரிசியில கஞ்சி காச்சிக்கிறேன்."

"எண்ண வேண்டாங்கா. பேரை மட்டும் சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்."

கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு சொன்னார். மூத்தவன் பெயர். அடுத்து இரண்டு பெண்களின் பெயர். பிறகு வாசலில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த பையனின் பெயர். எழுதி முடித்துப் பென்சிலைக் காகிதத்திலிருந்து எடுத்தேன். அவர் நிறுத்தவில்லை. அதே குரலில் இன்னொரு பெயரையும் சொன்னார்.

ஏமாற்றுகிற முகமா என்று பார்த்தேன். பிள்ளைகளின் பெயரைச் சொல்கிற தாயின் முகம்தான். செத்துப்போன மாமியாரின் பெயரை அடித்த அதே பென்சில் கையில் இருந்தது. காகிதத்தில் படாமல் அதை அசைத்தேன்.

"எல்லாத்தையும் எழுதிட்டீகளா தம்பி?"

"எழுதிட்டேங்கா."

நாலு பிள்ளைகளுக்கும் அரிசி கிடைத்தது. விடுமுறை முடிவில், ஒரு பிழையும் இல்லாமல் கணக்கெடுத்தேன் என்று எனக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். அந்த நாலு பெயரும் மறந்துவிட்டன. எழுதாமல் விட்ட பெயர் மட்டும் இன்னும் ஞாபகம் இருக்கிறது.