விழுந்து எழும்பும் பாட்டும் பிளேக் கதையும்

போன சனிக்கிழமை ஜெர்மனியின் டோர்ட்மண்டிலிருந்து நான் ரயில் ஏறியதற்குக் காரணம் ஓர் ஆங்கிலக் குழந்தைப் பாட்டு. என் மகள் அபிராமி ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியைப் பயிற்சியின் கடைசி வருடத்தில் இருக்கிறாள். கைகோத்து வட்டமாகச் சுற்றி, முடிவில் எல்லாரும் தொப்பென்று விழுவார்களே, அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அது பிளேக் நோயில் செத்தவர்களைப் பற்றியது என்று ஒரு தகப்பன் முறையிட்டுவிட்டார். விழுந்தால் செத்துப்போவோம் என்று அவருடைய நாலு வயது மகள் வட்டத்துக்குள் வர மறுக்கிறாளாம். திங்கட்கிழமை பள்ளிப் பொறுப்பாளரோடு அபிராமிக்குச் சந்திப்பு, இங்கத்தைய பேச்சில் டெர்மின். என்ன முடிவானாலும் அவளுடைய பயிற்சி மதிப்பீட்டில் ஏறும்.

அந்த மனிதருக்கு இதை யார் சொன்னது என்று விசாரித்தேன். ஆங்கிலக் குழந்தைப் பாடல்களின் பயங்கரப் பின்னணியைச் சொல்லும் ஒரு நடைச் சுற்றுலாவில் கேட்டாராம். உடனே எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. மகளையும் இழுத்துக்கொண்டு அந்தச் சுற்றுலாவுக்கே கிளம்பினேன்.

காலை 8.20 ரயில், ஓரிடத்தில் ரயில் மாற்றம், இரண்டு மணி நேரம் பத்து நிமிடப் பயணம். மாதச் சீட்டு இருந்ததால் தனிச் செலவில்லை. நிலையத்திலிருந்து சந்தைச் சதுக்கம் 900 மீட்டர், நடக்கலாம். சுற்றுலா 11 மணிக்கு, ஆளுக்கு 12 யூரோ, தொண்ணூறு நிமிடம். ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். வழிகாட்டியின் பிழைப்பில் மண்ணைப் போட விருப்பமில்லை.

வழிகாட்டி இங்கே குடியேறிய ஆங்கிலேயர். கறுப்பு அங்கி, அந்தக்காலப் பிளேக் வைத்தியர் மாதிரி பறவை மூக்கு வைத்த முகமூடி. மூலைக்கு மூலை நிறுத்தி, பாட்டுக்கு ஒரு பிணம் காட்டினார். தேவாலயத்தடியில் நம்முடைய பாட்டு வந்தது. வட்டம் என்பது தோலில் வரும் தடிப்பு, பூ நாற்றத்தை மறைக்க, விழுவது சாவு. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி எல்லாம் பொருந்தியதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

மற்றவர்கள் போனதும் ஆளைப் பிடித்துக்கொண்டேன். எந்த ஆண்டு? யார் எழுதியது? எழுதியவர் கண்ணால் கண்டவரா? முதலில் ஒன்று சொன்னீர்கள், இப்போது ஏன் வேறு சொல்கிறீர்கள்? முகமூடியைக் கழற்றினார். பாட்டு அச்சில் வந்தது லண்டன் பிளேக்குக்கு இருநூறு வருடத்துக்கு மேல் கழித்து என்றும், இந்த விளக்கம் அதற்கும் பிந்தியது என்றும் ஒப்புக்கொண்டார். எழுதி வைக்காததால் நடக்கவில்லை என்றாகாதே என்றும் சொன்னார். அதையெல்லாம் எழுதி ஒப்பம் வைக்கும்படி சுற்றுலாச் சீட்டின் பின்பக்கத்தை நீட்டினேன்.

அபிராமி என் கையைப் பிடித்தாள். "அம்மா, விடுங்கோ. அகதி விசாரணையில உங்களைக் கேட்ட மாதிரியே கேக்கிறீங்கள்."

சுருக்கென்றது. ஆதாரமாகக் காட்டக் கடிதம் இல்லை என்பதற்காக நடக்கவில்லை என்றாகாது என்று அந்த மேசைக்கு முன்னால் அழுதவள் நான். வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தபடி எழுதித் தந்தார். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

இந்த மாதிரிச் சுற்றுலாவுக்குப் போகிறவர்கள் மழைச்சட்டையும் கழிப்பறைக்கு 50 சென்ட் சில்லறையும் கொண்டுபோங்கள். கதை கேட்கப் போனால் 12 யூரோ தகும். வரலாறு படிக்கப் போகாதீர்கள்.

திங்கட்கிழமை சீட்டை வாசித்த பொறுப்பாளர், பாட்டு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். பாட்டில் சாவு இல்லை என்று அபிராமி அந்தச் சின்னவளிடம் சொல்ல, அவள் கேட்டாளாம்: "அப்ப அப்பா பொய் சொன்னவரோ?"

"இல்லை, அப்பாவும் கேட்டதைத்தான் சொன்னவர்" என்று அபிராமி கையை நீட்ட, பிடித்துக்கொண்டு வட்டத்துக்குள் வந்துவிட்டாளாம். அந்த இடத்தில் நான் நின்றிருந்தால் தகப்பனைக் கூப்பிட்டு விசாரித்திருப்பேன். பிள்ளை இன்னும் வெளியேதான் நின்றிருக்கும்.