ஃப்ரிட்ஜுக்குள் சாவி

ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பதிவுசெய்து, கணினியில் வாசிக்கக்கூடிய வீணை ஒன்றை உருவாக்குவதற்காக, தென்னூரில் தனியாக வசித்த ஒருவர் என்னை வீணை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார். ஹெட்போன் அழுந்தி அழுந்திக் காதோர முடி தேய்ந்துபோன மனிதர். இரைச்சல் பதிவாகாமலிருக்க ஃப்ரிட்ஜை அணைப்பார். மறுபடி போட மறந்துவிடுவோமென்று வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைத்துவிடுவார்; வெளியே கிளம்பச் சாவி எடுக்கும்போதாவது ஞாபகம் வருமே.

நாள் முழுக்க ஒற்றை ஒற்றை ஸ்வரமாகவே வாசித்தேன். ஒவ்வொன்றும் முழுதாய் அடங்கும்வரை, நான் அசையாதிருக்கக் கையைத் தூக்கியே வைத்திருப்பார்.

வேலை முடிந்ததும் மைக்கை அணைத்தார்.

“போறதுக்குள்ள ஒரு பாட்டு வாசிக்கிறீங்களா? இந்த வீட்டுல யாரும் முழுசா வாசிச்சதே இல்லைங்க.”

“முதல்ல ஃப்ரிட்ஜப் போடுங்க, பால் கெட்டுடும்” என்றேன்.

“கெடட்டும்ங்க.”

வாசித்தேன். கடைசி ஸ்வரம் அடங்கி வெகுநேரமாகியும் அவர் தூக்கிய கையை இறக்கவில்லை. நானும் அசையவில்லை.