அண்ணி ஆக்சிலரேட்டரை மிதித்த நாள்

என் அண்ணியைப் பற்றிச் சொல்வதென்றால் அவருடைய வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். என் அண்ணன் கோபித்துக்கொள்வான். கோபித்துக்கொள்ளட்டும், அந்த வண்டி வந்த பதினொரு வருஷமாக அவனுக்கு இதே வேலைதான்.

அண்ணி கல்யாணக் கேக் செய்கிறவர். வீட்டின் பின்பக்க அறைதான் அவருடைய பட்டறை. கதவுக்குப் பின்னால் இரண்டு ஏப்ரன் தொங்கும். கேக் வேலைக்கு வெள்ளை, வண்டி வேலைக்கு நீலம். மாவு டப்பாக்கள் அடுக்கிய அலமாரிக்கு எதிர்ச் சுவரில் இன்னோர் அலமாரி. அதைத் திறந்தால் டைமிங் பெல்ட், டீசல் ஃபில்டர், ஹீட்டர் பிளக், கேஸ்கட், ரப்பர் குழாய் என்று ஒரு சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடையே இருக்கும். ஒவ்வொன்றிலும் தேதி எழுதி லேபிள் ஒட்டியிருப்பார். எசென்ஸ் பாட்டிலில் ஒட்டுகிற அதே லேபிள், அதே குண்டு குண்டான கையெழுத்து. ஆனால் நீல ஏப்ரனோடு மாவு அலமாரிப் பக்கம் ஓரடி வைத்தால் போதும், நானாக இருந்தாலும் திட்டு விழும்.

வண்டி ஐரோப்பாவில் செய்த பழைய டீசல் ஸ்டேஷன் வேகன், பின்பக்கம் சாமான் ஏற்ற நீண்ட இடம் விட்ட கார். கரும்பச்சை நிறம். நீளமென்றால் அப்படியொரு நீளம், எங்கள் வீட்டு வாசலில் நிறுத்தினால் மூக்கு பக்கத்து வீட்டு வாசலில் இருக்கும். முதல்முறை ஒரு கல்யாண மண்டபத்துக்கு அதில் கேக் கொண்டுபோனபோது பெண்ணின் அம்மா அலறியடித்து ஓடி வந்தார். "என்னம்மா இது, நல்ல காரியம் நடக்குற இடத்துல சவ வண்டிய கொண்டாந்து நிறுத்துறீங்க?" அண்ணி பின்கதவைத் திறந்து காட்டினார். நான்கு அடுக்குக் கேக், அடுக்கியது அடுக்கியபடி, ஒரு பூகூட நகராமல் நின்றிருந்தது. அந்த அம்மாள் வழியை விட்டு விலகி நின்றார்.

இதை வாங்கிய கதையையும் சொல்லிவிடுகிறேன். ஆளுயர வயலின் போல ஒன்று இருக்குமே, நின்றுகொண்டு வாசிப்பார்களே, அதை வாசிக்கும் ஒருவர் விற்றார். அண்ணன் பானட்டைத் திறந்து எல்லாம் தெரிந்தவன் மாதிரி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணி பின்பக்கம் போய் இன்ச் டேப்பால் உயரத்தை அளந்தார். பிறகு என்னையும் அண்ணனையும் பின்னால் ஏறி உட்காரச் சொன்னார். இரண்டு பேரும் ஏறியதும் வண்டியின் பின்புறம் தாழ்ந்தது. இன்ஜினை ஓடவிட்டதும் எண்ணெய் அழுத்தத்தில் மெதுவாக எழும்பிப் பழைய மட்டத்துக்கே வந்து நின்றது. எவ்வளவு கனம் ஏற்றினாலும் உள்தளம் சாயாத வண்டி! "இதுதான்" என்றார் அண்ணி. விலை பேசக்கூட மறந்துவிட்டார்.

மற்ற கேக்குக்காரர்கள் அடுக்குகளைத் தனித்தனிப் பெட்டியில் கொண்டுபோய் மண்டபத்தில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். இணைப்பில் கோடு தெரியும், அவசரத்தில் கிரீம் அப்பி மறைப்பார்கள். அண்ணி வீட்டிலேயே முழுசாக முடித்து, நிற்க வைத்தபடியே கொண்டுபோவார். ஊரில் அதைச் செய்கிறவர் அவர் ஒருவர்தான். அந்த வண்டி போனால் அந்தப் பெயரும் போச்சு.

மெக்கானிக்குகள் எல்லாரும் கையை விரித்தார்கள். "இதுக்கெல்லாம் பார்ட்ஸ் கிடைக்காதும்மா, நல்ல விலைக்கு வந்தா தள்ளிவிட்டுடுங்க." அண்ணிக்கு ரோஷம் வந்துவிட்டது. வண்டியோடு வந்த கையேடு அவருக்குப் புரியாத மொழியில் இருந்தது. படத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். முதல் தடவை டீசல் ஃபில்டர் மாற்றியபோது குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டுமென்று தெரியாமல், வண்டி கிளம்பாமல், என்னை நடுத்தெருவில் தள்ள வைத்தார். இடுப்புப் பிடித்துக்கொண்டு நான் மூன்று நாள் படுத்திருந்தேன். இப்போது அதே வேலையைப் பேசிக்கொண்டே முடித்துவிடுகிறார்.

ஒரே ஒரு குறைதான். ஓட்டுகிற விதம். ஐயோ, அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மணிக்கு முப்பது கிலோமீட்டர், மிஞ்சிப் போனால் நாற்பது. கேக்கோடு போகும்போது சரி. திரும்பும்போது வெறும் வண்டிதானே? அப்போதும் முப்பதுதான். ஒருநாள் சைக்கிளில் வந்த போஸ்ட்மேன் எங்களைத் தாண்டிப் போய், திரும்பிப் பார்த்து டாட்டா காட்டினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அண்ணி, அஞ்சாவது கியர்னு ஒண்ணு இந்த வண்டியில இருக்கு, தெரியுமா?" என்றால், "வாய மூடிட்டு வா, வாயாடி. அதைப் பூப்போல வச்சிருக்கேன்" என்பார். வாயாடி என்றால் நான்தான்.

இப்படியிருக்கையில் புதுச் சட்டம் வந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகள் வருஷத்துக்கு ஒருமுறை புகைச் சோதனைக்கு வர வேண்டும். புகையின் அளவு அறுபத்தைந்தைத் தாண்டக்கூடாது. மூன்று வாய்ப்பு தருவார்கள், மூன்றிலும் தோற்றால் பதிவு ரத்து, வண்டி நேராக உடைக்கிற கூடத்துக்கு. அண்ணி அலட்டிக்கொள்ளவே இல்லை. ஊரிலேயே அவரைப் போல வண்டியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் யார் இருக்கிறார்கள்?

சோதனைக் கூடத்தில் காதை மூடும் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு ஒல்லி ஆள் இருந்தார். நாங்கள் அவருக்குக் காதுமூடி என்றே பெயர் வைத்துவிட்டோம். புகைக் குழாயில் அளவுக் கருவியின் கம்பியைச் செருகிவிட்டு, வண்டியில் ஏறி, ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்தினார். இன்ஜின் வீறிட்டது. அண்ணி சொந்தப் பிள்ளைக்கு ஊசி போடுவதைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். கூடம் முழுக்கக் கரும்புகை. அளவு எண்பத்தெட்டு.

வீட்டுக்கு வந்து ஏர் ஃபில்டரை மாற்றினார். இன்ஜினுக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றி, சுத்தம் செய்து மாட்டினார். ஒரு வாரம் வெள்ளை ஏப்ரனைத் தொடவே இல்லை. இரண்டாவது சோதனையில் எண்பத்து நான்கு. அண்ணியின் முகத்தில் ஈயாடவில்லை. காதுமூடி தன் காதுக் கருவியைக் கழற்றிவிட்டுக் கேட்டார், "மேடம், இன்ஜின் பழுது எதுவும் இல்ல, நல்லா இருக்கு. இதை எவ்வளவு வேகத்துல ஓட்டுவீங்க?"

"முப்பது."

அவர் சிரித்துவிட்டார். எனக்கு வந்ததே கோபம்! "என்ன சார் சிரிப்பு? ஒரு பொம்பள பொறுமையா வண்டி ஓட்டுனா உங்களுக்குச் சிரிப்பா இருக்கா?" என்று நான் எகிற, அண்ணி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். பதில் சொல்ல வாயெடுத்தவரை நான்தான் சொல்லவிடவில்லை. என் வாயால் வந்த வினை.

மூன்றாவது சோதனைக்கு மாதக் கடைசியில், சனிக்கிழமை மாலை நான்கு மணி என்று கொடுத்தார்கள். அதே சனிக்கிழமை நடுப்பகலில், எழுபது கிலோமீட்டர் தள்ளி ஒரு மண்டபத்தில் நான்கு அடுக்குக் கேக்கை இறக்க வேண்டும். அண்ணன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான், எதையும் முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிற ஆள். இந்த வண்டிக்குப் பதிலாக ஒரு குட்டி வேனுக்கு விலை பேசியே வைத்துவிட்டான். "தலையால தண்ணி குடிச்சாலும் இது தேறாது. எல்லாரும் செய்யிற மாதிரி தனித்தனியா கொண்டுபோய் அடுக்கு" என்றான். அண்ணி அன்றைக்குச் சாப்பிடவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

வெள்ளிக்கிழமை காலையில் அண்ணி அவனைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். அவன் என்றால் அவருடைய ஓவன். மாதம் ஒருமுறை அதை வெறுமனே உச்ச சூட்டில் ஒரு மணி நேரம் எரியவிடுவார், உள்ளே படிந்த கொழுப்பெல்லாம் கருகி உதிர்ந்துவிடும். சாம்பலைத் துடைத்தெடுத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு விறுவிறுவென்று வெளியே போனார். வண்டியின் பின்னால் குந்தி, அந்தத் துணியின் சுத்தமான முனையைப் புகைக் குழாய்க்குள் விட்டுத் துழாவினார். கட்டி கட்டியாகக் கரி வந்தது.

"அந்த ஆளு ஏன் சிரிச்சார்னு இப்பத்தாண்டி புரியுது. பதினோரு வருஷமா இதை நான் சூடாகவே விடல. கரியெல்லாம் உள்ளேயே படிஞ்சு கிடக்கு. நான் பூப்போல வச்சிருந்ததுதான் அதுக்கு நோய்."

"அப்ப என்ன செய்யணும்?"

"மிதிக்கணும்" என்றார்.

அண்ணன் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தான். "பழைய இன்ஜின். முழுசா மிதிச்சா நடுரோட்டுல சிதறிடும். சொல்லிட்டேன், அப்புறம் என் தலைய உருட்டாதீங்க."

சனிக்கிழமை போகும்போது கேக்கோடு அதே முப்பது. மண்டபத்தில் இறக்கி, கடைசிப் பூவைச் சரிசெய்துவிட்டு வெளியே வரும்போது மணி இரண்டே கால். சோதனைக் கூடம் திரும்பும் வழியில், நெடுஞ்சாலையிலிருந்து இறங்கியதுமே இருக்கிறது. அண்ணி வழக்கம்போல் ஓட்டினால் நாலரை ஆகிவிடும். நெடுஞ்சாலையில் ஏறினோம். அறுபது வரை போனார். அதற்கு மேல் கால் இறங்கவில்லை. பின்னால் கரும்புகை எழும்பியதும் காலை எடுத்துவிட்டார். மறுபடி மிதித்தார், மறுபடி எடுத்தார். எங்களுக்குப் பின்னால் வந்த லாரிக்காரர் ஹாரனை அடித்துத் தள்ளிவிட்டு, தாண்டிப் போகும்போது கையை ஆட்டித் திட்டிவிட்டுப் போனார்.

அண்ணி வண்டியை ஓரமாக நிறுத்தினார். "என்னால முடியலடி."

"வேகம்னா பயமா இருக்கா?"

"வேகத்துக்கு இல்ல. இதுல இருக்குற ஒவ்வொரு நட்டும் நான் முடுக்குனது. எவன்கிட்டயும் படிக்கல, படத்தைப் பார்த்துச் செஞ்சது. மெதுவா ஓட்டுனா அது எவ்வளவு தாங்கும்னு யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அதான் மெதுவாவே ஓட்டிட்டேன்."

பதினொரு வருஷம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கிண்டல் செய்திருக்கிறேன். இது எனக்குத் தெரியாமல் போயிற்றே! ஆனால் அழுவதற்கு நேரமில்லை. மணி இரண்டரை ஆகிவிட்டது.

"அண்ணி, டைமிங் பெல்ட்ட போன வருஷம் மாத்துனது யாரு?"

"நான்."

"மாட்டினப்புறம் சந்தேகம் வந்து, மறுபடி கழட்டி மறுபடி மாட்டுனது யாரு?"

"நான்தான்."

"இன்ஜின் நல்லா இருக்குன்னு அந்தக் காதுமூடியே சொன்னாரா இல்லையா? அவரு என்ன நம்ம மாமனா மச்சானா, மனசு நோகக் கூடாதுன்னு பொய் சொல்ல? மிதிங்க!"

அண்ணி மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு மிதித்தார். எண்பது. பின்னால் கரும்புகை எழுந்து சாலையே மறைந்தது. "பாக்காதீங்க, முன்னாடி பாருங்க!" என்று நான் கத்தினேன். தொண்ணூறு. ஐந்தாவது கியரில் போட்டார், முதல் தடவை! வண்டி உறுமுவதை நிறுத்திவிட்டுச் சீராக ஓட ஆரம்பித்தது. நான் திரும்பிப் பார்த்தேன். புகை சாம்பல் நிறமாக மாறியது, பிறகு மெலிந்தது. நூறு. எதுவும் சிதறவில்லை, எதுவும் ஆடவில்லை, வெப்பமானியின் முள் நடுவில் நின்றது நின்றபடி இருந்தது.

"ஏய், இது ஓடுதுடி!" என்று அண்ணி சிரிக்கத் தொடங்கினார். அப்படியொரு சிரிப்பை நான் அவரிடம் பார்த்ததே இல்லை. எங்களைத் திட்டிவிட்டுப் போன லாரியைப் பத்தே நிமிஷத்தில் பிடித்துத் தாண்டினோம். நான் ஜன்னலை இறக்கி அவருக்கு இரண்டு கையாலும் டாட்டா காட்டினேன். என்னைத் தடுக்க வேண்டிய அண்ணி ஹாரனை வேறு அடித்தார்.

கூடத்துக்கு மூன்றரைக்கே போய்ச் சேர்ந்துவிட்டோம். அண்ணி இன்ஜினை அணைக்கவில்லை, சூடு ஆறக்கூடாதாம். முறை வந்ததும் காதுமூடி ஏறி உட்கார்ந்தார். இந்தத் தடவை அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. இன்ஜின் வீறிட்டபோது இடுப்பில் கை வைத்து நிமிர்ந்து நின்றார். காதுமூடி அளவுக் கருவி அச்சடித்த காகிதத்தைக் கிழித்துப் பார்த்தார். கம்பியை எடுத்துத் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி மிதித்தார்.

"என்ன சார்?" என்றேன்.

"முப்பத்தொண்ணு. நம்ப முடியல, அதான் ரெண்டாவது தடவை பாத்தேன். இதுவும் முப்பத்தொண்ணுதான்." பிறகு அண்ணியிடம் திரும்பினார். "அன்னிக்கு இதைத்தான் மேடம் சொல்ல வந்தேன். உங்ககூட வந்தவங்க சொல்ல விடல."

நான் அசடு வழிந்தேன். அவர் முன்கண்ணாடியில் ஒட்டுவதற்கு, வண்டி தேறியதற்கான வில்லையை எடுத்தார். அண்ணி கை நீட்டி வாங்கிக்கொண்டார். ஓரத்திலிருந்து கட்டை விரலால் நீவி, ஒரு குமிழிகூட இல்லாமல் தானே ஒட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் செய்தியைச் சொன்னோம். எங்கள் எதிரிலேயே அவனை வேன்காரனுக்குப் போன் போட்டு வேண்டாமென்று சொல்ல வைத்தோம்.

மூன்று வாரம் கழித்து அண்ணி பெயருக்குப் போக்குவரத்து அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்தது. நூறு கிலோமீட்டர் எல்லையுள்ள இடத்தில் நூற்றுப் பதினெட்டில் போனதற்கு நோட்டீஸ். கூடவே கேமரா எடுத்த படம். அண்ணி பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் வாயைப் பிளந்துகொண்டு பைத்தியம் மாதிரி இருக்கிறேன். "இந்த வயசுல இது தேவையா?" என்று அண்ணன் ஆரம்பித்தான்.

அண்ணி அபராதத்தைக் கட்டிவிட்டு, படத்தை மட்டும் வெட்டிச் சட்டம் போட்டுப் பட்டறைச் சுவரில் மாட்டிவிட்டார். கேக் சொல்ல வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்க்கிறார்கள். அது என்ன படம் என்று கேட்டால் அண்ணி தன் முகத்தையும் காட்ட மாட்டார், ஓரத்தில் அச்சிட்ட வேகத்தையும் காட்ட மாட்டார். மாவு ஒட்டிய விரலால் வண்டிக்குப் பின்னால் இருக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுவார்.

"நான் ரிப்பேர் பண்ண வண்டி. இங்க பாருங்க, பின்னாடி ரோடு எவ்வளவு சுத்தமா தெரியுது."